உணவில் நஞ்சைக் காட்டும் ஒளி: பாலக்காட்டு எல்லையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோபாலபுரம் என்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்து ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. கறவை மாடு வைத்திருப்பவர், காய்கறி ஏற்றிவிடுபவர், மீன் வாங்கி விற்பவர் எல்லாருக்கும் ‘சாம்பிள் எடுத்துவிட்டார்கள்’ என்ற பேச்சு பழக்கமானது. பொள்ளாச்சிப் பக்கத்துப் பாலும் காய்கறியும் எங்கள் சாவடிகளைத் தாண்டித்தான் கேரளத்துக்குள் போகின்றன. நான் வேதியியல் கற்பிப்பவன். ‘நானோ விளக்கு வைத்து விஷத்தைக் கண்டுபிடிக்கிறார்களாமே’ என்று ஊரார் என்னிடம் கேட்டவற்றுக்குத்தான் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒளிரும் நானோ பொருள் என்றால் என்ன?

ரூபாய் நோட்டைச் சரிபார்க்கக் கடைகளில் ஊதா விளக்கு வைத்திருப்பார்கள். அதன் கீழே நோட்டைப் பிடித்தால் எண்களும் உள்ளே புதைந்த இழைகளும் பளிச்சென்று எரிவதுபோல் தெரியும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் நிறமாக வெளியே விடும் குணம் அது. ஒளிர்வு என்பது இதைத்தான். ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1852இல் இதை விளக்கி எழுதினார்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். இரண்டிலிருந்து பத்து நானோமீட்டர் வரை உள்ள சில படிகத் துகள்களுக்கு விந்தையான ஒரு குணம் உண்டு: பொருள் ஒன்றாகவே இருக்கும், அளவு மாறினால் நிறம் மாறும். காட்மியம் செலினைடு என்ற ஒரே பொருள், இரண்டு நானோமீட்டர் அளவில் நீலமாகவும் ஆறு நானோமீட்டர் அளவில் சிவப்பாகவும் ஒளிரும். இவற்றைக் குவாண்டம் புள்ளிகள் என்கிறார்கள். இவற்றைக் கண்டறிந்து, செய்யும் முறையையும் வகுத்ததற்காக மௌங்கி பாவெண்டி, லூயி புரூஸ், அலெக்சி எகிமோவ் ஆகிய மூவருக்கும் 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ஒளி, உணவில் இருக்கும் நஞ்சை எப்படிக் காட்டுகிறது?

துகள் தானாக எதையும் கண்டுபிடிக்காது. எந்த நஞ்சைத் தேடுகிறோமோ அதை மட்டும் பற்றிக்கொள்ளும் ஒரு ‘கொக்கி’யைத் துகளின் மேல் மாட்ட வேண்டும். சில சோதனைகளில் அது ஒரு எதிர்ப்பொருள் புரதம். சிலவற்றில் அப்டமர் எனப்படும் சிறு டி.என்.ஏ. இழை. 1990இல் கண்டறியப்பட்ட முறையால், கோடிக்கணக்கான இழைகளிலிருந்து குறிப்பிட்ட ஒரு பொருளோடு மட்டும் ஒட்டும் இழையைச் சலித்து எடுக்க முடிகிறது.

நஞ்சு கொக்கியில் மாட்டியதும் ஒளியில் மாற்றம் தெரிய வேண்டும். ஒளி மங்கும்படி செய்வது எளிது. ஆனால் அதை முழுதாக நம்ப முடியாது. துகள் கெட்டுப்போனாலும் ஒளி மங்கும். கரைசல் கலங்கினாலும் மங்கும். இருட்டிலிருந்து ஒளி பிறக்கும் சோதனையைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். அது நடக்கும் விதம் அழகானது. அப்டமர் பூட்டிய குவாண்டம் புள்ளிகளைக் கிராஃபீன் ஆக்சைடு என்ற மிக மெல்லிய கார்பன் தகட்டோடு கலந்தால், இழைகள் தகட்டின் மேல் படிந்துவிடும். புள்ளிகளின் ஆற்றலைத் தகடு உறிஞ்சிக்கொள்வதால் ஒளி அணைந்து கிடக்கும். உணவிலிருந்து எடுத்த சாற்றில் நஞ்சு இருந்தால் இழை அதைச் சுற்றி மடங்கித் தகட்டை விட்டு விலகும், புள்ளி மறுபடி ஒளிரும். இந்த ஆற்றல் கைமாற்றம் சில நானோமீட்டர் தூரத்துக்குள்தான் நடக்கும் என்பதால், சிறு விலகலே பெரிய வெளிச்ச மாற்றமாகத் தெரிகிறது.

மூன்றாவது வழி, இரண்டு நிறங்களை ஒரே குழாயில் வைப்பது. ஒரு நிறம் நஞ்சைக் கண்டால் மாறும், மற்றது மாறாது. இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால், விளக்கின் பலமும் துகள்களின் எண்ணிக்கையும் கொஞ்சம் முன்பின் ஆனாலும் விடை பெரிதாகத் தவறாது.

இந்தத் துகள்கள் எல்லாம் ஒரே வகையா?

இல்லை. கார்பன் புள்ளிகள் மலிவானவை. 2004இல் கார்பன் நானோ குழாய்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர்கள் எதிர்பாராமல் கண்டவை. ஆரஞ்சுச் சாற்றைச் சூடாக்கியே அவற்றைச் செய்யலாம் என்று 2012இல் இந்திய ஆய்வாளர்கள் காட்டினார்கள். தங்கக் கொத்துகள் என்பவை இருபது, முப்பது தங்க அணுக்கள் மட்டும் சேர்ந்தவை. பால் புரதம் போன்ற ஒரு புரதத்துக்குள் பொதிந்து வைத்தால் சிவப்பாக ஒளிரும். அணுக்கொத்து ஆய்வில் சென்னை ஐ.ஐ.டி.யின் தலப்பில் பிரதீப் உலக அளவில் பேசப்படுபவர், அவர் கேரளத்துக்காரர். நீரிலிருந்து பூச்சிமருந்தை நீக்கும் வெள்ளி நானோ வடிகட்டியும் அவரது குழுவின் ஆக்கம்தான்.

உணவுச் சோதனைக்கு எனக்கு மிகவும் பிடித்தவை வேறு இரண்டு வகைகள். ஒன்று, அகச்சிவப்பு ஒளியை வாங்கிப் பச்சையாக வெளிவிடும் துகள்கள். யிட்டெர்பியமும் எர்பியமும் கலந்த சோடியம் யிட்ரியம் புளோரைடால் ஆனவை. மற்றொன்று, யூரோப்பியம் என்ற உலோகம் அடங்கிய நுண்மணிகள். இரண்டும் ஏன் முக்கியம் என்பது அடுத்த பதிலில் தெரியும்.

உணவே ஒளிரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. சோதனை செய்பவருக்கு உள்ள பெரிய தலைவலியும் அதுதான். மஞ்சள்தூளை எண்ணெயில் கரைத்து ஊதா விளக்கின் கீழே வையுங்கள், பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். கீரையைச் சாராயத்தில் ஊறவைத்து வடித்தால், பச்சைச் சாறு விளக்கின் கீழ் ரத்தச் சிவப்பாகத் தெரியும். அது பச்சையத்தின் ஒளி. பாலில் ரிபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமின் இருக்கிறது, அதற்கும் தனி ஒளி உண்டு. இவ்வளவு வெளிச்சத்துக்கு நடுவே, நம் துகளின் வெளிச்சத்தை எப்படிப் பிரித்தறிவது?

உணவின் சொந்த ஒளிர்வு புற ஊதாவிலும் நீலத்திலும்தான் தூண்டப்படுகிறது. 980 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியில் அது விழிப்பதில்லை. அந்த ஒளியைப் பாய்ச்சினால் நம் துகள் மட்டும் பச்சையாக எரியும், சாறு இருட்டாகவே இருக்கும். யூரோப்பியத்தின் வழி வேறு. உணவின் ஒளிர்வு நூறு கோடியில் சில பங்கு வினாடிக்குள் அணைந்துவிடும். யூரோப்பியம் அதைவிட லட்சம் மடங்கு நேரம் ஒளிர்ந்துகொண்டிருக்கும். விளக்கைத் தட்டி அணைத்து, கணநேரம் பொறுத்து, பிறகு பார்த்தால் யூரோப்பியம் மட்டும் மிஞ்சியிருக்கும். பால் சோதனைக்கான கீற்று அட்டைகளில் இந்த உத்தி இன்று வணிகமாகவே பயன்படுகிறது.

எங்கள் மாட்டுப் பாலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. இந்தப் பகுதியில் கறவை வைத்திருக்கும் எவரும் இதை முழுதாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஆகியவற்றில் ஒருவகைப் பூசணம் பிடிக்கும். அது அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, அவை தின்ற கடலைப் புண்ணாக்கைச் சோதித்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். ஈரலைக் கெடுப்பது, புற்றுநோயை உண்டாக்குவது. மாடு அந்தப் புண்ணாக்கைத் தின்றால், உடலுக்குள் போன பி1 வகை நஞ்சில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு, சில நேரம் ஆறு பங்கு வரைகூட, எம்1 என்ற வடிவத்தில் பாலில் இறங்குகிறது. தின்ற மறுநாளே பாலில் தெரியும். நல்ல தீவனத்துக்கு மாற்றினால் சில நாளில் மறைந்தும்விடும்.

இந்தியச் சட்டப்படி பாலில் எம்1 கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு கிராமை இருபது லட்சம் கூறாகப் பிரித்தால் வரும் ஒரு கூறு அது. ஐரோப்பிய வரம்பு இதிலும் பத்தில் ஒரு பங்கு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. கலப்படம் என்று வெறும் 12 மாதிரிகள்தான் சிக்கின. எம்1 வரம்பைத் தாண்டியவையோ 368. அதிகம் கண்டறியப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் கேரளமும் இருந்தன. எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் இதே கதைதான். தண்ணீர் கலந்தான், யூரியா கலந்தான் என்று ஒருவரை ஒருவர் சந்தேகப்படுகிறோம். யாரும் கலக்காமல், தீவன மூட்டையிலிருந்து தானாக வந்து சேரும் நஞ்சைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

இவ்வளவு நுண்ணிய அளவைக் கண்ணாலோ நாக்காலோ பிடிக்க முடியாது. லாக்டோமீட்டருக்கும் எட்டாது. ஒளிரும் கீற்று அட்டை உதவுவது இங்கேதான். கொழுப்பை நீக்கிய பாலைச் சில சொட்டு அட்டையில் விட்டால், எதிர்ப்பொருள் பூட்டிய துகள்கள் பாலோடு சேர்ந்து அட்டையில் நகர்ந்து கோட்டை அடைகின்றன. பாலில் எம்1 இருந்தால் அது துகள்களின் கொக்கியை முன்பே அடைத்துவிடும், சோதனைக் கோட்டில் ஒளி குறையும். சிறு கருவி அந்த ஒளியை அளந்து எண்ணாகச் சொல்லும். சில நிமிட வேலை. டேங்கரில் கொட்டுவதற்கு முன்பே, சேகரிப்பு மையத்திலேயே கேனைப் பிரித்து வைத்துவிடலாம்.

காய்ச்சினால் இந்த நஞ்சு போய்விடாதா?

போகாது. காய்ச்சிய பாலிலும், பதப்படுத்திய பாக்கெட் பாலிலும், தயிரிலும் அப்படியே இருக்கும்.

மீனாட்சிபுரம் சாவடியில் என் பாலைத் திருப்பி அனுப்பினார்கள். அது இந்தச் சோதனையா?

பெரும்பாலும் இருக்காது. சாவடியில் கேரளப் பால்வளத் துறை முதலில் பார்ப்பது கொழுப்பு, கொழுப்பல்லாத திடப்பொருள், யூரியா, சோடா உப்பு போன்ற புளிப்பு மறைப்பான்கள், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றை. ஓணத்தை ஒட்டி இந்தக் கெடுபிடி கூடும். அவை நிறம் மாறும் எளிய வேதிச் சோதனைகள், பல ஆண்டுகளாக நடந்துவருபவை. திருப்பி அனுப்பும்போது எந்தச் சோதனையில் தவறியது என்று எழுதி வாங்குங்கள். காரணம் தெரியாமல் மாட்டையோ தீவனத்தையோ மாற்றுவதில் பயனில்லை.

கறிவேப்பிலையில் பூச்சிமருந்து என்கிறார்களே, அதை இந்த ஒளி காட்டுமா?

ஒரு பகுதியைக் காட்டும். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வகம், சந்தைக் காய்கறிகளின் பூச்சிமருந்து எச்சத்தைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. கறிவேப்பிலையும் மல்லித்தழையும் அதில் அடிக்கடி பேசப்படும். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் தெளித்த எண்டோசல்பான் எத்தனை குடும்பங்களை முடக்கியது என்பதைக் கண்ணால் கண்ட மாநிலம் இது. அந்த மருந்தை 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடை செய்தது. பூச்சிமருந்து என்றால் இங்கே மக்கள் பதறுவதற்குக் காரணம் இருக்கிறது.

இப்போது சோதனைக்கு வருவோம். ஒளிர்வு முறைகளில் அதிகம் ஆராயப்பட்டது ஒரு நொதியை நடுவே வைப்பது. நம் நரம்புகளில் வேலை செய்யும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியைத்தான் ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளும் கார்பமேட் மருந்துகளும் முடக்குகின்றன. நொதி உயிரோடு இருந்தால் ஒரு வேதிப்பொருளை உடைத்துத் துகளின் ஒளியை மாற்றும். மருந்து இருந்தால் நொதி செயலற்றுப்போகும், ஒளி மாறாது. நச்சின் செயலையே அளவுகோலாக வைத்திருப்பதால் இது எனக்கு நேர்மையான சோதனையாகப் படுகிறது.

ஆனால் மூன்று விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். சைபர்மெத்ரின் போன்ற பைரெத்திராய்டுகளையும், இமிடாகுளோபிரிட் போன்ற புதிய வகை மருந்துகளையும் இந்த நொதி கண்டுகொள்ளாது. ஆகவே ‘ஒளி மாறிவிட்டது, காய் சுத்தம்’ என்று சொல்ல முடியாது. குளோர்பைரிபாஸ் போன்ற கந்தகம் கலந்த ஆர்கனோபாஸ்பேட்டுகள் நொதியை நேரடியாக மெதுவாகத்தான் தாக்கும்; முதலில் ஆக்ஸிஜனேற்றம் செய்து வலுவான வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அந்தப் படியை விட்டுவிட்டால் மருந்து கண்ணில் படாமல் தப்பிவிடும். மூன்றாவது பச்சையம். கறிவேப்பிலைச் சாறு ஒளிக்குப் பெரிய இடையூறு. அதை நீக்கக் கார்பன் தூள் சேர்த்தால், தட்டை வடிவ மூலக்கூறுகள் கொண்ட சில மருந்துகளும் அதோடு போய்விடும். சாறு எடுக்கும் முறையில்தான் இந்தச் சோதனையின் வெற்றி தோல்வி இருக்கிறது. ஒளி கடைசிப் படிதான்.

தனி வரம்பு வகுக்கப்படாத பூச்சிமருந்துகளுக்கு இந்தியாவில் பொதுவாகக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற வரம்பு பின்பற்றப்படுகிறது. அதை உறுதிசெய்ய, மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறைமாலை அளவிக் கருவிகளே இன்றும் ஆதாரம்.

முதலமடை மாம்பழம் கல் வைத்துப் பழுத்ததா என்று பார்க்கலாமா?

இதற்கு ஒளிரும் துகள்கள் அவ்வளவாக உதவாது. ‘கல்’ என்று சொல்லும் கால்சியம் கார்பைடு தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் நூறு பங்கு) வரை பயன்படுத்த அனுமதி உண்டு. கல் வைத்த பழத்தில் ஆர்செனிக், பாஸ்பரஸ் சுவடு இருக்கலாம் என்பதுதான் கவலை. அதை அறியும் வழி ஆய்வகத்துக் கருவிதான்.

மீனில் ஃபார்மலின் இருப்பதை நானோ துகள் காட்டுமா?

காட்டும் வகைகள் ஆய்வில் இருக்கின்றன. அமின் தொகுதிகள் உள்ள கார்பன் புள்ளிகள் ஃபார்மால்டிஹைடோடு வினைபுரிந்து ஒளியை மாற்றுகின்றன. ஆனால் 2018 ஜூனில் ‘ஆபரேஷன் சாகர் ராணி’ என்ற பெயரில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை அமரவிளை, ஆரியங்காவு சாவடிகளில் ஆயிரக்கணக்கான கிலோ மீனைப் பிடித்தபோது கை கொடுத்தது, கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய எளிய காகிதக் கீற்று. மீனின் மேல் கீற்றைத் தேய்த்து, ஒரு சொட்டு மருந்து விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். நானோ எதுவும் அதில் இல்லை. ஒரு வேலைக்கு எளிய கருவி போதுமானால் அதையே வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றும் மீன்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மீன் கெடும்போது அதன் உடலில் உள்ள ஒரு பொருள் உடைந்து, இயற்கையாகவே கொஞ்சம் ஃபார்மால்டிஹைடு உண்டாகும். தும்பிலி போன்ற சில மீன்களில் அது கூடுதல். ஆகவே ‘இருக்கிறது’ என்ற விடை மட்டும் போதாது. எவ்வளவு இருக்கிறது என்ற எண் வேண்டும். ஒளியை அளந்து எண்ணாகத் தரும் கருவி வந்தால் அப்பாவி வியாபாரியின் சரக்கு குப்பைக்குப் போகாமல் தப்பும். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த ஆய்வு நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பாதரசம்?

தங்கக் கொத்துகளின் சிவப்பு ஒளியைப் பாதரச அயனி மிக வேகமாக அணைக்கும். தண்ணீரில் சோதிக்க இது அருமையான முறை. சுறா, சூரை போன்ற பெரிய மீன்களில் இருப்பதோ பெரும்பாலும் மீத்தைல் பாதரசம், அதுவும் தசைப் புரதத்தோடு பிணைந்தது. அமிலத்தில் செரிக்கவைத்துப் பிரித்தெடுக்காமல் துகளைக் கொட்டினால் எதுவும் தெரியாது.

கடையில் விற்கும் ஊதா டார்ச் வாங்கி வீட்டில் பார்க்கலாமா?

பார்த்து ரசிக்கலாம், முடிவு செய்யக் கூடாது. மலிவு டார்ச்சுகள் பெரும்பாலும் 395 நானோமீட்டர் ஊதா ஒளியைத்தான் தருகின்றன. ஆய்வுக்கு 365 தேவை. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

அஃப்ளாடாக்சின் தானாகவே நீலமாகவும் பச்சையாகவும் ஒளிரும் என்பது உண்மைதான். ஆனால் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தின் மேல் ஊதா விளக்கில் தெரியும் பச்சை மஞ்சள் பளபளப்பு, அதே பூசணம் சுரக்கும் கோஜிக் அமிலத்திலிருந்து வருவது. பளபளப்பு இருந்தும் நஞ்சு இல்லாமல் போகலாம், பளபளப்பு இல்லாமலே நஞ்சு இருக்கலாம். அதைவிட மூட்டையைப் பிரித்து மூக்கால் முகர்ந்து, கட்டி தட்டியிருக்கிறதா என்று கையால் உதிர்த்துப் பார்ப்பது மேல். பாலில் தண்ணீர், தேனில் பாகு போன்ற எளிய கலப்படங்களுக்கு, உணவுப் பாதுகாப்பு ஆணையமே வீட்டுச் சோதனைக் கையேடு வெளியிட்டிருக்கிறது.

கைப்பேசியில் படம் பிடித்தால் செயலி சொல்லிவிடுமா?

கீற்று அட்டையின் ஒளியைக் கைப்பேசிக் கேமராவால் அளக்க முடியும். அறை வெளிச்சம் புகாத சிறு பெட்டியும், நிலையான விளக்கும், நிற வடிகட்டியும் இருந்தால்தான் அந்த அளவை நம்பலாம். சும்மா காயின் மேல் கேமராவைக் காட்டினால் நஞ்சு தெரியும் என்று விற்கும் எதையும் வாங்காதீர்கள்.

நானோ துகளே நஞ்சு என்கிறார்களே?

காட்மியம் உள்ள குவாண்டம் புள்ளிகள் பற்றிய கவலை நியாயமானது. ஐரோப்பிய நாடுகள் மின்னணுப் பொருள்களில் காட்மியத்துக்குக் கடும் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. ஆனால் இந்தச் சோதனையில் துகள் உணவுக்குள் போவதில்லை. உணவிலிருந்து எடுத்த சாறுதான் துகளிடம் வருகிறது. சோதித்த மாதிரியை யாரும் சாப்பிடுவதில்லை, மாட்டுக்கும் ஊற்றக் கூடாது. பயன்படுத்திய அட்டைகளையும் குழாய்களையும் எங்கே போடுவது என்பதுதான் உண்மையான கேள்வி. அவற்றைச் சேகரித்து ஆய்வகக் கழிவோடு அனுப்ப வேண்டும். நாள்தோறும் நூற்றுக்கணக்கான அட்டைகள் சேரும் இடத்தில் கார்பன் புள்ளிகளும் யூரோப்பியமும்தான் ஏற்றவை.

இவ்வளவு நல்லதென்றால் ஏன் எல்லா இடத்திலும் வரவில்லை?

ஆய்வுக் கட்டுரைகள் ஏராளமாக வருகின்றன. அவற்றில் பலவற்றைப் படித்தால், சுத்தமான தண்ணீரில் தாங்களே நஞ்சைக் கலந்து, தாங்களே கண்டுபிடித்ததாக இருக்கும். குழாய்த் தண்ணீரிலும் தெளிந்த ஆப்பிள் சாற்றிலும் வேலை செய்வது, மோரிலும் மிளகாய்த்தூளிலும் வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கார்பன் புள்ளிகளில் பெரும்பாலானவற்றின் ஒளியை இரும்பு அயனி அணைத்துவிடும். கீரையிலும் ராகியிலும் இரும்பு இருக்கிறது. அப்படியானால் அணைந்தது நஞ்சாலா, சத்தாலா?

ஒரே செய்முறையில் இரண்டு முறை செய்த துகள்கள் ஒரே மாதிரி ஒளிர்வதில்லை என்பது அடுத்த தடை. எதிர்ப்பொருள் பூட்டிய அட்டை, பங்குனி வெயிலில் ஜீப்புக்குள் கிடந்தால் கெட்டுவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை மாதிரி எடுப்பது. அஃப்ளாடாக்சின் ஒரு மூட்டைக் கடலையில் பரவலாக இருக்காது. பூசணம் பிடித்த சில பருப்புகளில் குவிந்திருக்கும். மூட்டையின் வாயிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்தால், உலகின் மிகக் கூர்மையான கருவியும் ‘சுத்தம்’ என்றே சொல்லும். மேல், நடு, அடி என்று பல இடத்தில் குத்தூசி போட்டு எடுத்து, மொத்தத்தையும் அரைத்துக் கலந்து, அதிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். இதற்குப் பொறுமை வேண்டும், ஆள் வேண்டும். கருவிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இதற்கு ஒதுக்குவதில்லை என்பது என் வருத்தம்.

இந்த அட்டையில் ‘தவறு’ என்று வந்தால் வழக்குப் போடலாமா?

அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு தண்டிக்க முடியாது. இது சல்லடை, சந்தேகத்துக்குரியதைப் பிரித்துக் கொடுக்கும். விரைவுச் சோதனைக் கருவிகளுக்கு ஒப்புதல் தரும் திட்டம் ஒன்றை உணவுப் பாதுகாப்பு ஆணையம் நடத்துகிறது. நீங்கள் வாங்கும் அட்டை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, அதிகாரி எடுக்கும் மாதிரியை நான்கு பங்காகப் பிரித்து முத்திரை வைக்க வேண்டும். ஒரு பங்கு உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். அவர் 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். சரக்குக்குரியவர் கேட்டால் ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்பவும் வழி உண்டு. இந்த உரிமையைப் பற்றி எங்கள் பக்கத்து வியாபாரிகளில் பலருக்குத் தெரியாது.

நான் வாங்கும் உணவை நானே சோதிக்கக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். அதே சட்டத்தின் 40ஆம் பிரிவு, வாங்குபவருக்கே அந்த உரிமையைத் தருகிறது. கட்டணம் கட்ட வேண்டும்; உணவு விதிமீறியது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். மாதிரி கொடுக்கப் போவதை விற்றவருக்கு வாங்கும்போதே தெரிவிக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. கேரளத்தில் அரசுப் பகுப்பாய்வு ஆய்வகங்கள் திருவனந்தபுரம், எறணாகுளம், கோழிக்கோடு ஆகிய இடங்களில் உள்ளன. தமிழ்நாட்டுப் பக்கம் எங்களுக்கு அருகில் இருப்பது கோயம்புத்தூர்.

கல்லூரித் திட்டப்பணியாக இதைச் செய்ய முடியுமா?

முடியும், செய்யுங்கள். சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன் டையமீனையும் நீரில் கரைத்து, டெஃப்லான் உறையிட்ட அழுத்தக் கலத்தில் 200 டிகிரி செல்சியஸில் ஐந்து மணி நேரம் வைத்தால் நன்றாக ஒளிரும் நீலக் கார்பன் புள்ளிகள் கிடைக்கும். வீட்டு குக்கரில் இதைச் செய்யவே கூடாது. வெப்பமும் அழுத்தமும் அதன் தாங்குதிறனை மீறியவை. எத்திலீன் டையமீன் தோலையும் மூச்சையும் அரிக்கும், புகைக்கூண்டுக்குள்தான் கையாள வேண்டும்.

செய்த புள்ளிகளைத் தண்ணீரில் சோதித்து நிறுத்தாதீர்கள். வேலந்தாவளம் சந்தையில் வாங்கிய தக்காளி, வெண்டை, கறிவேப்பிலை என்று மூன்றின் சாற்றையும் எடுங்கள். நஞ்சு எதுவும் சேர்க்காமலே ஒளி எவ்வளவு மங்குகிறது என்று முதலில் அளந்து எழுதுங்கள். பிறகு இரும்பு, தாமிரம், கால்சியம் உப்புகளைத் தனித்தனியே சேர்த்துப் பாருங்கள். அந்த அட்டவணையை முன்னால் வைத்துவிட்டு உங்கள் சோதனையைப் பற்றி எழுதினால், நான் அதை ஆர்வத்தோடு படிப்பேன்.

தீவனத்தில் பூசணம் வராமல் இருக்க என்ன செய்வது?

மூட்டையைத் தரையில் போடாமல் மரப்பலகை மேல் அடுக்குங்கள், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மழைக்காற்று ஆடி மாதத்தில் கொட்டகைக்குள் ஈரத்தைக் கொண்டுவந்துவிடும், ஆகவே அந்த மாதங்களில் ஒரு வாரத்துக்கு மேல் புண்ணாக்கு இருப்பு வைக்க வேண்டாம். பழைய மூட்டை முடிந்த பிறகு புதியதைத் திறங்கள். பூசண வாடை வந்த புண்ணாக்கைக் காயவைத்தாலும் வேகவைத்தாலும் நஞ்சு போகாது. கறவை மாட்டுக்கும் சினை மாட்டுக்கும் கன்றுக்கும் அதைத் தராதீர்கள். வாங்கும்போது மூட்டையில் உள்ள தயாரிப்புத் தேதியைப் பார்த்து, ரசீது கேட்டு வாங்குங்கள். பால் சங்கத்தில் எம்1 சோதனை அட்டை வைக்கும்படி கூட்டத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். கேனில் தவறு தெரிந்தால், அந்த ரசீதை வைத்துத்தான் எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்க முடியும்.